கரும்பு மிஷினும் விதி பதினான்கும்

விதி 14, உட்பிரிவு (இ): “அடுக்ககத்தின் எந்த வீட்டிலும், மொட்டை மாடியிலும், பொது இடங்களிலும், உருளை, பற்சக்கரம் அல்லது கைச்சக்கரம் கொண்ட எந்த இயந்திரத்தையும், தொழில் நோக்கிலோ பிற எந்த நோக்கிலோ, யாரும் நிறுவக் கூடாது.”

இதில் ‘பிற எந்த நோக்கிலோ’ என்ற மூன்று சொற்களைக் கவனியுங்கள். அவை என்னுடையவை. விதிப் புத்தகம் முழுவதுமே நான் எழுதியதுதான் என்றாலும், அந்த மூன்று சொற்களை எழுதி முடித்த மாலை நானாகக் கேட்டு இரண்டாவது காபி குடித்தேன்.

காரணம் உண்டு. மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். பல வருடங்களுக்கு முன் அதில் ஒரு வீட்டார் ஐந்து கிரைண்டர்களை வரிசையாக வைத்து, விடியற்காலையில் இட்லி மாவு அரைத்து, தெரு முழுக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். கேட்டால், “தொழிலா? சும்மா அக்கம்பக்கத்துக்கு ஒரு உதவி” என்றார்கள். அப்போது சங்கத்தின் செயலாளர் நான். இப்போதும் நான்தான்; வேறு யாரும் நிற்பதில்லை. அரசுத் துறை ஒன்றில் விதி வரைவதையே வேலையாகச் செய்தவனிடம் ‘உதவி’ என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

அவர்கள் காலி செய்து போய்விட்டார்கள். விதி மட்டும் யாராவது வருவார்களா என்று வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது.

ஓர் ஐப்பசி மாத மழையில் அதன் வாய்க்குள் போனவன் நான்.

மணி ஓசை முன்னே வந்தது

டெம்போ தெருமுனையில் திரும்பும்போதே சலங் சலங்கென்று சத்தம். தார்ப்பாயை விலக்கினால், கிளிப்பச்சை வண்ணம், ஓரத்தில் சிவப்புக் கோடு, ஆள் உயரத்துக்குக் கைச்சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் பித்தளை மணிகள். மேலே ஒரு எலுமிச்சம்பழம் வேறு கட்டியிருந்தது.

எங்கள் காவலாளி ஏழுமலை குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்று பார்த்தார்.

“இன்னா சார், ஜூஸ் கடையா? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பீச்சாண்ட நல்ல எடமா புட்ச்சு குட்த்திருப்பேன்ல!”

“ஏழுமலை, இது கரும்பு மிஷின் இல்ல. படம் அச்சடிக்கிற மிஷின்.”

“மணி கட்டிக்கீதே சார்.”

“அது தெரியாம கட்டிட்டாங்க.”

“சர்தான். இஞ்சி போட்டு ஒரு கிளாஸ் குடு சார், மொத போணி நானு.”

இரண்டாம் மாடியிலிருந்து என் மனைவி விஜயா எட்டிப் பார்த்தாள். முதல் மாடி ஜன்னலில் பத்மா டீச்சர் தெரிந்தார். அவர் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர், எங்கள் சங்கத்தின் பொருளாளர். என் வீட்டுக்கு நேர் கீழ் வீடு அவருடையது. ஜன்னலில் தெரிந்த முகம் ஒரு நொடியில் மறைந்தது. அவர் பேனா தேடப் போயிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

வெடித்த மேலதிகாரி

கோப்பிலேயே குடியிருந்தவனுக்கு அச்சு இயந்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்தத் தொடரில் இதுவரை அலுவலகக் கதைகளையே சொல்லிவந்ததால் அது நியாயமான கேள்வி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் நான் வீட்டில் செய்த காரியங்களுக்கு விஜயா ‘தணிக்கை’ என்று பெயர் வைத்தாள். சமையலறை டப்பாக்களுக்கு எண் ஒட்டினேன். பால்காரருக்கு வருகைப் பதிவு போட்டேன். மிளகாய்த்தூள் டப்பா தன் எண்ணுக்கு எதிரே இல்லாமல் வேறிடத்தில் இருந்தது குறித்து விளக்கம் கேட்ட அன்று அவள் அடையாறில் ஒரு களிமண் வகுப்பில் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள்.

“சாயங்காலம் மூணு மணி நேரம். நீங்க போறீங்க. போகலைன்னா நான் எங்கயாவது போயிடுவேன்.”

ஆசிரியை என் மகளைவிட இளையவர். என்னை அங்கிள் என்றுதான் அழைப்பார். நான் செய்த முதல் சிற்பம் என் முன்னாள் மேலதிகாரியின் தலை. மூக்கு அச்சு அசலாக வந்திருந்தது. சூளையில் வைப்பதற்கு முன் ஆசிரியை எச்சரித்தார்.

“தலைய உள்ள குடைஞ்சு காலி பண்ணிடணும் அங்கிள். இல்லைன்னா வெடிச்சிடும்.”

அவர் விஷயத்தில் அது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும் என்ற நினைப்பில் நான் விட்டுவிட்டேன். மறுநாள் சூளையைத் திறந்தால் மூக்கு ஒரு மூலையில், காது ஒரு மூலையில். பணிக்காலம் முழுக்க நான் செய்ய நினைத்ததை அடுப்பு ஒரே ராத்திரியில் செய்திருந்தது.

அன்றைக்கு எனக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். களிமண்ணிலிருந்து கல்லுக்கும், அங்கிருந்து தகட்டுக்கும் போனேன். துத்தநாகத் தகட்டில் ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் ஊறவிட்டால் கோடுகள் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்தால் படம் வரும். எட்சிங் என்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முறை, ஒவ்வொரு தவறுக்கும் ஒரு தண்டனை. எனக்கென்றே யாரோ வரைந்த சட்டம் போலிருந்தது.

அரைக்கதவுக்குக் கீழே

என்ன வரைந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கால்கள்.

என் அலுவலக அறைக்கு அரைக்கதவு. தள்ளினால் ஆடி ஆடி நிற்குமே, அந்த வகை. மேஜையில் உட்கார்ந்தால் வெளியே காத்திருப்பவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. பாலிஷ் போட்ட ஷூவும் அதற்குள் போடாத காலுறையும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நிற்கும் பித்தவெடிப்புப் பாதங்கள். மெட்டி ஒன்று மட்டும் இருந்த ஒரு விரல். கோப்பைப் புரட்டும் இடைவெளியில் இவற்றை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நினைவிலிருந்து பத்துத் தகடுகள் வந்தன. சுடுமண்ணில் மூன்று ஜோடிப் பாதங்கள்.

வகுப்பில் இவற்றைப் பார்த்துவிட்டு ஆழ்வார்பேட்டையில் சிறியதொரு கலைக்கூடம் நடத்தும் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். “மார்கழி ரெண்டாவது வாரம் ஒருத்தர் வரல்லைன்னுட்டார். பத்துப் படமும் மூணு சிற்பமும் தயாரா இருந்தா சுவர் உங்களுக்குத்தான் சார்.”

அறுபத்தாறு வயதில் முதல் கண்காட்சி. இன்னொரு அழைப்புக்குக் காத்திருக்கலாம் என்று சொல்லும் வயதா அது?

அதே வாரம் அடையாறில் வகுப்பு நடந்த, நாங்கள் அச்செடுத்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள். அங்கே ஐந்து மாடி வருகிறதாம். பொதுவான இன்னோர் அச்சகத்தில் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுத்தேன். என் முறை ஆனி மாதம் வரும் என்றார்கள். தகடுகள் இருந்தன. காகிதமும் மையும் இருந்தன. அழுத்த இரண்டு உருளைகள் இல்லை.

ஜூஸ் எங்கே வரும்?

இராயப்பேட்டைச் சந்து ஒன்றில் சலீம் பாய் பட்டறை. கரும்புச் சாறு பிழியும் வண்டி செய்வதில் கெட்டிக்காரர். எட்சிங் இயந்திரத்தின் படத்தைக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார்.

“இது நம்ம மிஷின்தானே சார்.”

“கிட்டத்தட்ட. ஆனா உருளையில பல்லு வேணாம். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும். நடுவுல ஒரு இரும்புப் பலகை, முன்னாடி பின்னாடி ஓடணும்.”

“பலகையில கரும்பு வெப்பீங்களா?”

“காகிதம் வைப்பேன்.”

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். “அப்ப ஜூஸ் எங்க வரும்?”

“வராது பாய்.”

“சாறு வராத மிஷின் நம்ம பட்டறையில இதான் மொத தபா” என்றார் வருத்தத்தோடு. ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. உருளைகளைக் கடைசல் பிடித்து வழவழப்பாக்கினார். கடைசி நாள் நான் வருவதற்குள் பச்சை அடித்து மணியும் கட்டிவிட்டார். மணி இல்லாமல் அவர் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லையாம், கை தானாகக் கட்டிவிட்டதாம்.

அந்த மணிதான் வினை. அது இல்லாமல் வந்திருந்தால் ஏதோ பழைய தையல் மிஷின் என்று விட்டிருப்பார்கள்.

எனக்கு நானே அனுப்பிய நோட்டீஸ்

டெம்போ வந்த ஒரு மணி நேரத்தில் பத்மா டீச்சரின் புகார் வந்தது. அழகான கையெழுத்து. ஒன்று, செயலாளர் தம் வீட்டில் கரும்பு இயந்திரம் வைக்க முனைவதாகத் தெரிகிறது. அது வைக்கப்படும் இடம் புகார்தாரரின் படுக்கையறைக்கு நேர் மேலே. இரண்டு, ஈ மொய்க்கும். மூன்று, விதி 14(இ).

மூன்றாவதை எடுத்துக்காட்டியதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்த முதல் ஆள் அவர்.

செயலாளர் என்ற முறையில் புகாரைப் பெற்றுக்கொண்டு ‘பெறப்பட்டது’ முத்திரை குத்தினேன். ஏழு நாளில் விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக நானே கையெழுத்திட்டேன். மூன்றாம் நாளே பதில் கொடுத்துவிட்டேன். தாமதித்தால் என்னிடம் என்ன பேச்சு வாங்க நேரும் என்று எனக்குத் தெரியும்.

“யாருக்கு எழுதறீங்க?” என்றாள் விஜயா.

“செயலாளருக்கு.”

“அவர் ஆத்திரக்காரராச்சே. பார்த்து எழுதுங்க.”

சட்டநிலை இதுதான். சங்கத்தில் எதையும் மூவர் குழுதான் முடிவு செய்ய வேண்டும்; விலக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். தலைவர், செயலாளர், பொருளாளர். சம்பந்தப்பட்டவர் வாக்களிக்கக் கூடாது. அதுவும் என் வரைவு. செயலாளர் விண்ணப்பதாரர். பொருளாளர் புகார்தாரர். மிஞ்சியவர் தலைவர் சுந்தரேசன். அவர் பனி விழும் ஊர் ஒன்றில் மகள் வீட்டில் பேரனுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தார்.

அதுவரை இயந்திரம் எங்கே நிற்கும்? வீடு மாற்றுவோரின் வசதிக்காக விதி 11 இருந்தது. வந்து இறங்கிய சாமான்களை அவரவர் கார் நிறுத்துமிடத்தில் பதினைந்து நாள் வரை வைத்துக்கொள்ளலாம். காரைக் கொஞ்சம் ஒட்டி நிறுத்தி, செங்கல் அடுக்கி, அதன்மேல் இயந்திரத்தை ஏற்றி, தார்ப்பாய் மூடினோம். பதினாறாம் நாள் அது வளாகத்தை விட்டுப் போயாக வேண்டும்.

கட்டைவிரல் செல்லாது

சுந்தரேசனுக்கு விண்ணப்பத்தை விமானத் தபாலில் அனுப்பினேன். விஜயா அதற்குள் வாட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பத்தாவது நிமிடம் அவரிடமிருந்து பதில் வந்தது. மஞ்சள் நிறக் கட்டைவிரல் ஒன்று, மேல்நோக்கி.

“முடிஞ்சுது. ஏழுமலைய கூப்பிட்டு மேல ஏத்தச் சொல்லுங்க” என்றாள்.

“இது செல்லாது.”

“என்னது?”

“விதி 22. குழுவின் முடிவு எழுத்து மூலம், கையொப்பத்தோட, தபாலிலோ நேரிலோ வரணும். இருவத்திரெண்டு அடைப்புக்குறி ஆ: கைபேசிச் செய்தி, குரல் பதிவு, சின்னங்கள் எதுவும் முடிவாகக் கருதப்படாது.”

“சின்னங்கள்னு எழுதினது யாரு?”

நான்தான். ஒரு முறை தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது எட்டுப் பேர் கைகூப்பும் சின்னம் அனுப்பினார்கள். அது சம்மதமா, அஞ்சலியா என்று தெரியாமல் தொட்டி இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு சேர்த்த பிரிவு அது.

“ஏங்க, ஊர் உலகத்துல யாருமே படிக்காத புஸ்தகம். நீங்க எழுதி, நீங்க படிச்சு, நீங்களே மாட்டிக்கிட்டு நிக்கறீங்க. உங்களுக்குக் கண்காட்சி வேணுமா, வேணாமா?”

வேண்டும். அந்தப் பத்துத் தகடுகளையும் நான் தினம் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அரைக்கதவுக்கு வெளியே நின்ற அத்தனை பேரிடமும் ‘எழுத்து மூலம் கொண்டு வாருங்கள்’ என்று சொன்னவன் நான். எனக்கு மட்டும் கட்டைவிரல் போதும் என்றால், அந்தக் கால்களை வரைய எனக்கு என்ன யோக்கியதை?

இதை விஜயாவிடம் சொன்னேன். அவள் போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். வைத்த வேகம் எனக்குப் புரிந்தது.

சுந்தரேசனுக்கு, அவருடைய சின்னம் விதிப்படி ஏற்கப்படவில்லை என்று முறையாக ஒரு கடிதம் எழுதி, விதிப் புத்தகத்தின் பிரதி ஒன்றையும் இணைத்து அனுப்பினேன்.

பதினைந்தாம் நாள்

மழை விடவேயில்லை. தார்ப்பாய்க்கு அடியில் உருளையின் ஓரத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரியத் தொடங்கின. தினம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். தபால்காரர் எங்கள் வீட்டு வாசலைப் பார்க்காமல் போவதற்குப் பழகிக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் காலை, கம்பளித் துணியைப் பொருத்திக் கொடுக்க சலீம் பாய் வந்தார். எட்சிங் உருளைக்கும் காகிதத்துக்கும் நடுவே கம்பளி வேண்டும், மெத்தை மாதிரி. செங்கல் மேல் நின்ற இயந்திரத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“இன்னா சார் இது, அநாதையாட்டம் கல்லு மேல ஒக்கார வெச்சிருக்கீங்க. நம்ம மிஷின் எதுவும் இப்படி நின்னதில்ல. எல்லாம் வண்டி மேலதான் இருக்கும். நாலு சக்கரம் வெச்சா ராஜா மாதிரி போவும்.”

“வீட்டுக்குள்ள வைக்கணும் பாய்.”

“வீட்டுக்குள்ளயா?” அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “கரும்பு வண்டிய யாராச்சும் வீட்டுக்குள்ள வெப்பாங்களா சார்?”

நான் மேலே ஓடினேன். ஓடினேன் என்றால், என் முழங்காலுக்கு ஏற்ற ஓட்டம். விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டாம் விதியைப் பார்த்தேன். சொற்களுக்கு விளக்கம் சொல்லும் விதி. எந்தச் சட்டத்திலும் ஆள் படிக்காத பக்கம்.

‘நிறுவுதல்’ என்றால், தரையோடோ சுவரோடோ பொருத்துதல், அல்லது நகர்த்த இயலாதபடி வைத்தல்.

‘வாகனம்’ என்றால், சக்கரங்களின் மேல் நகரும், ஓர் ஆள் ஓட்டவோ தள்ளவோ இயலும் எதுவும்.

பின்னதை நான் அப்படி அகலமாக எழுதியதற்குக் காரணம் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். படிக்கட்டில் கிடந்த அதை எடுக்கச் சொன்னபோது, அது வாகனமே இல்லை என்று தகப்பனார் வாதாடினார். அவரை மடக்குவதற்காக விரித்த வலை. அதற்குள் இப்போது ஒரு அச்சகம் நுழையும் அளவுக்கு வாசல் இருந்தது.

மாலைக்குள் சலீம் பாய் ஒரு வண்டிச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஏழுமலையும் இன்னும் மூன்று பேரும் கைகொடுக்க, இயந்திரத்தை அதன் மேல் ஏற்றித் திருகாணி முடுக்கிவிட்டார். மணிகளை நான் நின்று கழற்ற வைத்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு வாகனம் எத்தனை நாளும் நிற்கலாம் என்பது விதி 9. ஆகவே கார் வெளியே தெருவுக்குப் போயிற்று.

“கார் மழையில நிக்கணும், கரும்பு வண்டி உள்ள நிக்கணும்” என்றாள் விஜயா. “எங்க அப்பா அந்த பேங்க் மாப்பிள்ளையப் பார்த்திருக்கலாம்.”

ஆனாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அவள் சேமியா பாயசம் வைத்திருந்தாள்.

இடது பக்கம் ஒன்றரை மரை

மறுநாள் காலை முதல் அச்சு. சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தினேன். காகிதத்தை நனைத்து, தகட்டில் மை தேய்த்து, கொசுவலைத் துணியால் துடைத்து, பலகையில் வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றினேன்.

காகிதத்தை உரித்தால், வலது பக்கம் கரிய அழகான கோடுகள். இடது பக்கம் ஆவி. ஊக்குச் செருப்புக்கு ஊக்கு இருந்தது, செருப்பு இல்லை.

இன்னொன்று எடுத்தேன். அதே கதை. திருகுகளைத் திருகிப் பார்த்தேன். வலது பக்கமும் ஆவியாயிற்று; பழையபடி திருகி வைத்தேன். மதியத்துக்குள் பன்னிரண்டு நல்ல காகிதங்கள் வீண். மார்கழிக்கு அதிக நாள் இல்லை. சலீம் பாயைக் கூப்பிட்டால் அவருக்குச் சாறு வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கத் தெரியும். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“சர்க்கரையே இல்லையே.”

நிமிர்ந்தால் பத்மா டீச்சர். கையில் ஒரு சிறிய டார்ச். பலகைக்கு அடியில் ஈயைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னேனே மேடம், இது...”

“சொன்னேள். நோட்டீசுக்குப் போட்ட பதில்ல நாலு பக்கம் சொன்னேள். அதுல இது எதுக்குன்னு மட்டும் சொல்லலை.” வீணான காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “சக்கரத்துக்குக் கல்லு வெச்சிருக்கேளே, அப்போ இது நகராதபடி வெச்சதாகாதோ?”

“சிக்னல்ல நிக்கற பஸ்சும் பஸ்தானே மேடம்?”

“ம்.” பாதி மதிப்பெண் போட்ட மாதிரி ஒரு ம். பிறகு உருளையின் இரண்டு முனைகளையும் குனிந்து பார்த்தார். “பழைய பேப்பர் இருக்கா?”

செய்தித்தாளை இரண்டு பட்டையாகக் கிழித்தார். உருளைக்கு அடியில் இடக்கோடியில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தார். வலது பட்டை கிழிந்தது. இடது பட்டை வெண்ணெயில் கத்தி போனது போல வெளியே வந்தது.

“ஒரு பக்கம் பிடிக்கறது, ஒரு பக்கம் பிடிக்கலை. அழுத்தம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும் சார். ஒம்போதாங் கிளாஸ் பாடம். இடது திருகைக் கால் கால் சுத்தா இறக்குங்கோ. எண்ணிண்டே வரணும்.”

இறக்கினேன். அவர் எண்ணினார். ஒவ்வொரு காலுக்கும் பட்டையை இழுத்துப் பார்த்தார். ஒன்றரை மரை இறங்கியதும் இரண்டும் சேர்ந்து கிழிந்தன.

புதுக் காகிதம் நனைத்தேன். “சக்கரத்தை நான் சுத்தறேன்” என்றார் டீச்சர், முந்தானையைச் செருகிக்கொண்டு. கேட்கவில்லை, அறிவித்தார்.

உரிக்கும்போது ஈரக் காகிதம் தகட்டை விட்டு மெல்லிய சத்தத்தோடு பிரிந்தது. அந்தச் செருப்பு முழுசாக வந்தது. அறுந்த வார், அதில் ஊக்கு, தேய்ந்த குதிகால், கட்டைவிரல் அழுந்திய பள்ளம்கூட.

டீச்சர் நீண்ட நேரம் பார்த்தார்.

“யார் இது?”

“தெரியாது. என் ரூம் வாசல்ல நின்னவர். ஒரு வாரம் வந்தார்.”

“எல்லாமே கால்தானா? முகமே கிடையாதா?”

“அரைக்கதவு மேடம். மேஜையிலேர்ந்து பார்த்தா கால்தான் தெரியும்.”

“எழுந்துண்டு பார்த்திருக்கலாமே.”

சாதாரணமாகத்தான் சொன்னார், மாணவனிடம் சின்னக் கணக்குப் பிழையைக் காட்டுவது போல. முப்பத்துச் சொச்ச வருடம் நான் எழுதிய எந்த அலுவல் குறிப்பிலும் இந்த வழி இடம்பெறவில்லை. அடுத்த தகட்டுக்கு மை தேய்க்கத் தொடங்கினேன். அவர் சக்கரத்துப் பக்கம் போய் நின்றார்.

அன்று முதல் தினம் காலை காபி முடிந்து அவர் கீழே வருவார். புகாரைத் திரும்பப் பெறவில்லை. “அது மேல் மாடியைப் பத்தினது. இது வேற” என்பார். ஏழுமலை காகிதம் நனைக்கப் பழகினார். மூன்றாம் மாடிப் பெண்கள் இரண்டு பேர், சொம்போடு வந்து ஏமாந்தவர்கள், அப்புறம் சொம்பில்லாமலே வந்து நின்றார்கள்.

“பார்க்க ஒண்ணுமில்ல, எல்லாம் செருப்பு” என்பார் ஏழுமலை வருகிறவர்களிடம். “ஆனா சூப்பரா கீது.”

மார்கழி பிறந்து நாலாம் நாள் பத்துப் படங்களும் காய்ந்து தயாராயின.

சுவர்

கண்காட்சியைப் பற்றி நானே எழுதுவது அழகில்லை. சபா கச்சேரிக்கும் கேன்டீனுக்கும் நடுவே நேரம் இருந்தவர்கள் வந்தார்கள். அடை அவியல் சாப்பிட்ட திருப்தியோடு வருகிறவர்கள் எதையும் அன்பாகவே பார்க்கிறார்கள் என்று கண்டுகொண்டேன். சலீம் பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, “இது நம்ம மிஷின்ல பண்ணது” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனார். கடைசிப் படத்தருகே என்னைத் தனியே கூப்பிட்டு, “இப்ப தெரிஞ்சுது சார், இதான் அந்த ஜூஸு” என்றார்.

மூன்று நாளும் நான் நாற்காலியில் உட்காரவில்லை. வந்தவர்களை வாசல்வரை போய் அழைத்து வந்தேன். விஜயா அதைக் கவனித்தாள். நான்காம் நாள் என் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போதுதான், “யாரோ உங்களுக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருக்காங்க” என்றாள்.

பதில்

சுந்தரேசனுக்குப் போன விண்ணப்பம் இத்தனை நாளும் நிலுவையில்தான் இருந்தது. வேலை நடந்துவிட்டது என்பதற்காக நிலுவையை நீக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. தை போயிற்று. மாசி போயிற்று. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன்.

பங்குனித் திருவிழா வந்தது. அறுபத்துமூவர் புறப்பாட்டு நாள் எங்கள் தெருவில் வண்டி வராது, ஆட்டோ வராது, தலைகள்தான் தெரியும். அந்தக் கூட்டத்தை எதிர்த்து நடந்து, யாரோ கொடுத்த நீர்மோர் டம்ளரை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, தபால்காரர் வந்து சேர்ந்தார். விமானத் தபால். கீழே நாங்கள் அச்செடுத்துக்கொண்டிருந்தோம். கையில் மை இருந்ததால் பத்மா டீச்சர் உறையைப் பிரித்துப் படித்தார்.

“ஐயா, தாங்கள் அனுப்பிய விதிப் புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தேன். இங்கே பனிக்காலம் நீளம். விதி 14(இ)யிலிருந்து எவருக்கும் எந்தக் காரணத்துக்கும் விலக்களிக்க, எனக்கோ குழுவுக்கோ அதிகாரம் தரும் வரி எதுவும் அதில் இல்லை. மூன்று முறை தேடினேன். ஆகவே, மிகுந்த வருத்தத்துடன், தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இயந்திரத்தைத் தங்கள் வீட்டுக்குள் வைக்க அனுமதி இல்லை. முன்பு அவசரத்தில் அனுப்பிய கட்டைவிரலையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.”

கீழே கையொப்பம், பெயர், பதவி, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

“அப்போ மேல கொண்டுபோக முடியாது” என்றார் டீச்சர். குரலில் மகிழ்ச்சியை மறைக்க அவர் பெரிதாக முயலவில்லை.

“முடியாது மேடம். எழுத்து மூலம் வந்தாச்சு.”

விலக்கு தரும் வரி இல்லை என்பது உண்மை. நான் அதை எழுத மறந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் என் வரைவில் ஒருவர் கண்டுபிடித்த முதல் குறை அது. எழுந்து நின்று கடிதத்தை வாங்கிக்கொண்டேன். மை படாத சுண்டுவிரல்களால் பிடித்து, மாடிக்குக் கொண்டுபோய், முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்து, ஓரத்தில் பதிந்தேன்:

பெறப்பட்டது. பங்குனி, அறுபத்துமூவர் நாள், பிற்பகல்.